மூன்று நிமிடச் சாட்சி
புதுக்கோட்டைத் திருச்சபைகளும் முதியோரின் நினைவும்

டிசம்பர் 31 இரவு, பழைய ஆண்டுக்கு நன்றி சொல்லிப் புது ஆண்டை வரவேற்கும் ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. லுத்தரன் சபையோ சி.எஸ்.ஐ.யோ பெந்தெகொஸ்தேயோ, பெயர் எதுவானாலும் மைக் முதலில் நீட்டப்படுவது வயதில் மூத்தவர்களிடம்தான். ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவார்கள். அந்த ஆண்டில் வந்த நோய், அடைக்க முடியாத கடன், மகளுக்குத் தள்ளிக்கொண்டே போன கல்யாணம், முழங்காலில் நின்ற ராத்திரிகள், கடைசியில் கிடைத்த விடுதலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சபைச் செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐந்தைத் தாண்டினால் போதகர் முந்திக்கொண்டு 'ஆமென்' சொல்வார். எண்பது வயதுக்காரர் ஒருவரின் வாழ்க்கையைச் சபை காதுகொடுத்துக் கேட்கும் நேரம் ஆண்டுக்கு ஏறக்குறைய இவ்வளவுதான்.

முதியவர்கள் தங்கள் வாழ்வையும் விசுவாசத்தையும் சபையின் முன் சொல்வது நல்லது என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எதற்காகச் சொல்லச் சொல்கிறோம், எதைச் சொல்லவிடுகிறோம், சொன்னது பிறகு என்ன ஆகிறது என்பவைதான் யோசிக்க வேண்டியவை. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: சபை அவர்களிடம் அற்புதத்துக்கு அத்தாட்சி கேட்கிறது, அவர்கள் கையில் ஓர் ஊரின் வரலாறு இருக்கிறது. அத்தாட்சி கேட்கிற இடத்தில் வரலாறு வாயைத் திறப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிச் சில விவரங்கள். 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்த தொண்டைமான் சமஸ்தானமும், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து எடுத்த பகுதிகளும் சேர்ந்து 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 16 இலட்சத்துக்குச் சற்று மேல். அதில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. சிறு தொகைதான், ஆனால் வேர் பழையது. முதுமையோ எல்லா மதத்துக்கும் பொது. 2021இல் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு இருப்பார்கள் என்று ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் கணித்தது. இந்திய சராசரி 10.1. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் திருப்பூரிலும் இருக்க, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் நரைத்த தலைகளே நிறைந்திருக்கும் கோவில்கள் இங்கே ஏராளம்.

சாட்சிக்கு ஒரு வார்ப்பு உண்டு: துன்பம், ஜெபம், விடுதலை. ஐரோப்பிய எழுப்புதல் இயக்கங்களில் உருவான இந்த வார்ப்பு மிஷனரிகளோடு வந்தது. 1920களில் கொழும்பில் தொடங்கித் தமிழகம் முழுக்கப் பரவிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் போன்ற அமைப்புகள் அதை வாரந்தோறும் நடக்கும் பழக்கமாக்கின. டி.ஜி.எஸ். தினகரனின் 'இயேசு அழைக்கிறார்' போன்ற ஊழியங்கள் பத்திரிகை வழியாகவும் பிறகு தொலைக்காட்சி வழியாகவும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தன. டாக்டர் கைவிட்ட நோயாளி, அறிக்கையோடு வந்து நிற்பது அந்தக் கதைகளின் உச்சம். இருபது முப்பது ஆண்டுகள் அதைப் பார்த்த ஒரு மூதாட்டி, தன் முறை வரும்போது தன் வாழ்க்கையையும் அதே அளவுக்கு வெட்டிக்கொள்கிறார். பஞ்சகாலத்தில் கேப்பைக் களி கிண்டிப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தவர் அவர். அது சாட்சியில் வராது. அதில் அற்புதம் ஏதும் நடக்கவில்லையே!

கத்தோலிக்கப் பக்கம் நிலைமை வேறு. பூசையின் நடுவே எழுந்து நின்று சாட்சி சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. அருங்கொடை இயக்கத்தின் ஜெபக்கூட்டங்கள் வந்த பிறகு கொஞ்சம் வந்திருக்கிறது. அன்பியம் என்னும் அக்கம்பக்கக் குழுக்களின் கூட்டங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதும் உண்டு. ஆனால் கத்தோலிக்க முதியவர்களின் நினைவு குடிகொண்டிருப்பது வேறிடத்தில்: தவக்காலப் புலம்பல்களில், அம்மானைப் பாட்டுகளில், இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்காவில். மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய ஆவூரில் ஈஸ்டரையொட்டிப் பாஸ்காவும் தேரும் நடக்கின்றன. பாஸ்கா நடக்கும் ஊர்களில் வேடங்கள் வழக்கமாகக் குடும்ப வழியில் வருபவை. வசன நோட்டு ஒரு பெரியவரிடம் இருக்கும். நோட்டில் இல்லாததெல்லாம் அவர் தலையில் இருக்கும். பிலாத்து எந்தப் பக்கம் திரும்பிக் கை கழுவ வேண்டும், எந்த வருஷம் மழை வந்து சிலுவை வழுக்கியது, முதன்முதலில் பெண் வேடத்தைப் பெண்ணே ஏற்றபோது யார் யார் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்பதெல்லாம் ஒத்திகையில்தான் வெளியே வரும். "எங்க அய்யா காலத்துல இப்படியா ஆடுனாங்க?" என்று அவர் அலுத்துக்கொள்ளும்போது மூன்று தலைமுறை வரலாறு ஒரே மூச்சில் கிடைத்துவிடுகிறது. யாரும் மைக் நீட்டவில்லை, சாட்சி என்று பெயரிடவும் இல்லை.

ஜெபங்களும் அப்படித்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதன் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு, அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்த லத்தீன் பதில்கள் நாக்கில் இன்னும் இருக்கின்றன. அருள்நிறை மந்திரத்தை அவர்கள் 'பிரியதத்தம்' என்றே சொல்வார்கள். பேத்தி திருத்துவாள். திருத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆவூரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதியோர் நினைவை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் மாவட்டத்தில் வேறில்லை. ஆவூரின் பழைய கோவில் கட்டப்பட்ட ஆண்டு 1547 என்று சுற்றுலாக் குறிப்புகளில் காணப்படும். கட்டியவர் அருட்தந்தை பூஷே என்றும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. பிரெஞ்சு ஏசு சபைத் துறவியான ழான் வெனான்ஸ் பூஷே பிறந்ததே 1655இல். ஏசு சபை தோன்றியது 1540இல். அதே சபையின் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். பூஷே ஆவூரில் கோவில் எழுப்பியது 1690களில், அதாவது ஓரியூரில் அருளானந்தர் 1693இல் தலை வெட்டப்பட்ட காலத்தை ஒட்டி. இப்போதுள்ள பெரிய கோவிலின் ஆண்டாக 1747 சொல்லப்படுகிறது. அதிலிருந்து சரியாக இருநூறு ஆண்டு பின்னால் போனால் 1547. பிழை எங்கே பிறந்ததோ, ஊர்ப் பெருமைக்கு அது வசதியாக அமைந்துவிட்டது.

இதைக் காட்டி, வயசாளிகள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளுபவர்கள் இத்தாலியரான அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லியைப் படிக்க வேண்டும். தெர்னி என்ற எஃகு ஆலை நகரத்தில் லுயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949 மார்ச்சில் போலீஸாரால் கொல்லப்பட்டார். நேட்டோவுக்கு எதிரான ஊர்வலம் அது. பிற்பாடு போர்தெல்லி முதிய தொழிலாளர்களைக் கேட்டபோது, பலர் அந்தச் சாவை 1953இல் நடந்த ஆட்குறைப்பு எதிர்ப்புப் போராட்டத்துக்கு மாற்றி வைத்துச் சொன்னார்கள். அவர்களுக்கு ஞாபகமறதி இல்லை. ஊரே கொதித்த போராட்டத்தில்தான் அந்தச் சாவுக்குப் பொருத்தமான இடம் இருப்பதாக அவர்கள் மனம் கருதியது. தேதி தப்பு; ஆனால் அந்தத் தப்பே அவர்கள் மனத்தைப் பற்றிய சான்று என்கிறார் போர்தெல்லி. ஆவூரின் 1547ஐயும் அப்படிப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் ஆட்சிக்கும் முந்தியவர்கள் நாங்கள், நேற்று மாறியவர்கள் அல்ல என்று சொல்ல விரும்பும் ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் குரல் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

ஆவூரோடு தொடர்புடைய வீரமாமுனிவர் விஷயத்தில் இது இன்னும் சுவையானது. அவர் இறந்தது அதே 1747இல். ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்து, சென்னைக் கல்விச் சங்கத்தோடு இருந்த எல்லீஸ் துரை, முனிவரின் சுவடிகளைத் தேடி வரும்படி புதுச்சேரிக் கத்தோலிக்கரான முத்துசாமிப் பிள்ளையைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பினார். சுவடிகளோடு செவிவழிச் செய்திகளையும் திரட்டிக்கொண்டு வந்த பிள்ளை 1822இல் முனிவரின் வரலாற்றைத் தமிழில் எழுதினார். முனிவரை நேரில் கண்டவர்கள் அப்போது அநேகமாக உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பேசியிருப்பார்கள். அந்த நூலில்தான் முனிவர் சந்தா சாகிபுக்குத் திவானாக இருந்தார் என்ற கதையும் பல்லக்கும் பரிவாரமும் வருகின்றன. பின்னால் வந்த ஏசு சபை ஆய்வாளர்கள் திவான் கதையை ஒப்பவில்லை. ஆனாலும் அந்தப் பயணம் நடந்திராவிட்டால் எத்தனை சுவடிகள் செல்லரித்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கதையில் பல்லக்கு ஏறிவிட்டது என்பதற்காகப் பாட்டியின் வாயை மூடியிருந்தால் சுவடி இருக்கும் வீட்டுக்கும் வழி தெரிந்திராது.

நினைவுகூர்தல் முதுமையின் சீக்கு என்றுதான் மருத்துவர்கள் நெடுநாள் நினைத்தார்கள். பழசையே பேசுகிறார், புத்தி தளர்ந்துவிட்டது என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய ஒரு கட்டுரை அந்த எண்ணத்தைப் புரட்டியது. சாவு அருகில் வருவதை உணர்ந்தவர் தன் வாழ்க்கையைத் திரும்பப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது இயல்பான வேலை, அதற்கு இடம் கொடுங்கள் என்றார் அவர். அதில் ஒன்றைச் சபைகள் கவனிக்க வேண்டும்: அந்தக் கணக்கில் வருத்தமும் குற்றவுணர்வும் தீராத கோபமும் வரும். நம் சாட்சி நேரத்தில் இவற்றுக்கு இடமில்லை. ஜெபம் கேட்கப்படாமலே போன வாழ்க்கைகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. மகனைப் பறிகொடுத்த தாய் எழுந்து நின்று, "எனக்கு இன்னும் புரியல சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார முடியுமா? நான் அறிந்தவரை முடியாது. யோபுவின் கதையை வேதத்தில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் யோபு மாதிரிப் பேச ஒருவரையும் விடுவதில்லை.

நினைவைப் பற்றிய உளவியல் இன்னொன்றும் சொல்கிறது. பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நடந்தவைதான் முதுமையில் மிகுதியாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வரும். இதைப் புதுக்கோட்டை நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே எழும். 1950இல் பிறந்தவரிடம் 1960 முதல் 1980 வரையான காலம் பசுமையாக இருக்கும். மிஷன் பள்ளிகளில் கரைத்துக் கொடுத்த அமெரிக்கப் பால் பவுடர், கோதுமை வாங்க நின்ற வரிசை, பூசை தமிழானது, மாவட்டம் பிரிந்தது, 1977 நவம்பர் புயலும் வெள்ளமும் எல்லாம் அதற்குள் அடங்கும். பால் பவுடரைப் பற்றிக் கோவிலில் யாரும் பேசுவதில்லை. மாவுக்காக மதம் மாறினவர்கள் என்ற ஏச்சு காதில் இன்னும் ஒலிப்பதால் இருக்கலாம். சமஸ்தான காலத்துக் கிறிஸ்தவ வாழ்க்கையை நேரில் கண்டு சொல்லக்கூடியவர்களோ எண்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அந்த ஏடு அநேகமாக மூடப்பட்டுவிட்டது.

இந்த வரிசையில் 1991ஐயும் சேர்க்க வேண்டும். ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் எழுத்துப் படித்தார்கள், ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகமே அறிந்த கதை அது. அன்றைக்கு முப்பத்தைந்து வயதில் அரிச்சுவடி பிடித்தவர் இன்று எழுபதைத் தொடுகிறார். அவர்களில் கிறிஸ்தவப் பெண்களும் உண்டு. முதன்முதலாக வேதாகமத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்த நாளைச் சபையில் சொல்லும்படி அவர்களை யாராவது கேட்டிருக்கிறார்களா? கேட்டதாக நான் அறியேன். அரசாங்கத் திட்டத்தில் தேவனுக்கு என்ன வேலை என்று எண்ணுகிறார்கள் போலும். என்னைக் கேட்டால், காய்ச்சல் குறைந்ததைவிடப் பெரிய சாட்சி அது.

வாழ்க்கைக் கதையைச் சபைக்கு ஒப்புவிப்பதை ஒழுங்கான நடைமுறையாக்கியவர்கள் மொராவியர்கள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை மையமாகக் கொண்ட அந்தச் சபையில், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வைப்பார்கள், அல்லது சொல்லி எழுதச் சொல்வார்கள். அடக்க ஆராதனையில் அது சபை முன் வாசிக்கப்படும். தச்சர், வேலைக்காரி, விடுதலை பெற்ற அடிமை என்று எல்லாரும் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான ஏடுகள் ஹெர்ன்ஹூட்டிலும் அமெரிக்காவின் பெத்லகேமிலும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. சாமானியர்களின் பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்வை அறிய அறிஞர்கள் அங்கேதான் போகிறார்கள். இந்த மொராவியர்கள் தமிழ்நாட்டுக்கும் வந்தவர்கள். 1760இல் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் குடியேறி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்களுடைய இந்த வழக்கம் இங்கே வேர்விடவில்லை.

ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. நம் சீர்திருத்த சபைகளின் அடக்க ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு வாசிப்பார்கள். பிறந்த தேதி, திடப்படுத்தல் பெற்ற ஆண்டு, வேலை பார்த்த பள்ளிக்கூடம், பிள்ளைகள் எத்தனை, பேரன் பேத்தி எத்தனை. மூத்த மகனோ மருமகனோ அவசரத்தில் எழுதியது. மொராவியர் தானே எழுதினார். நம்மவருக்கு மற்றவர் எழுதுகிறார்கள், அதுவும் அவர் போன பிறகு. கொரோனா காலத்தில் அடக்கத்துக்கு இருபது பேர் மட்டுமே என்று கட்டுப்பாடு வந்தபோது இந்த ஒற்றைத் தாளும் பல வீடுகளில் வாசிக்கப்படாமல் போயிற்று. அதே காலத்தில் ஆராதனை யூடியூப்புக்குப் போனது. இன்றுவரை கோவிலுக்குத் திரும்பாமல் கைப்பேசித் திரையில் ஜெபித்துக்கொண்டிருக்கும் முதியவர்கள் உண்டு. திரை அவர்களுக்குச் சொல்லும். அவர்கள் சொல்வதைக் கேட்காது.

கத்தோலிக்கத் திருச்சபை 2021இல் ஓர் அடி எடுத்து வைத்தது. சுவக்கின், அன்னம்மாள் திருநாளான ஜூலை 26ஐ ஒட்டி வரும் ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். கட்டிலில் கிடப்பவர்களை இளைஞர்கள் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதன் உயிரான பகுதி. பல பங்குகளில் அது பொன்னாடை, பழக்கூடை, குரூப் போட்டோ என்று முடிந்துவிடுகிறது. பொன்னாடை போர்த்தப்பட்டவர் என்ன பேசுவார்? நன்றி என்பார்.

இனி, சொல்லவே முடியாதவை. முதலாவது சாதி. தமிழகத்தின் பழைய பங்குகள் பலவற்றில் உட்காரும் இடமும் கல்லறையும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. சில இடங்களில் கல்லறைச் சுவர் இன்னும் நிற்கிறது. ஒரே பீடத்தின் முன் ஐம்பது ஆண்டு முழங்காலிட்ட இருவரில் ஒருவருக்குத் தேர் இழுத்த நினைவு இருக்கும். மற்றவருக்குத் தேர் தன் தெருவுக்கு வராத நினைவு இருக்கும். முதல் நினைவு சாட்சியாகிவிடும். இரண்டாவது, 'ஐக்கியத்தைக் கெடுக்கும் பேச்சு' ஆகிவிடும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது கத்தோலிக்க வட்டாரங்களில் எழுந்த அதிர்ச்சியை நினைத்துப் பாருங்கள். அவர் சொன்னதைத் திண்ணைகளில் கிழவிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். அச்சில் வந்ததுதான் புதிது.

இரண்டாவது தடை சட்டத்திலிருந்து வருகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்னும் இல்லை. 2022இல் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடம் இந்த விவகாரம் கொடுக்கப்பட்டது. இதனால் காகிதத்தில் ஒரு பெயரும் கோவிலில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தவறாமல் கோவிலுக்குப் போவதையும் எடுத்துக்காட்டி, பட்டியல் சாதிச் சான்றிதழ் கோர அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, "எங்க அப்பத்தா காலத்துலயே நாங்க வேதத்துக்கு வந்துட்டோம்" என்று ஒரு பெரியவர் மைக்கில் சொல்வதும், ஒரு பையன் அதைக் கைப்பேசியில் பிடித்து முகநூலில் போடுவதும் பேத்தியின் கல்லூரி இடத்தைப் பாதிக்கக்கூடிய காரியம். மதமாற்றம் என்ற சொல்லைச் சுற்றியுள்ள அரசியலும் சேர்ந்துகொள்கிறது. 2002இல் தமிழக அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த அச்சம் விலகவில்லை. முதியவர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். அவர்கள் சாட்சியில் ஊர்ப்பெயரும் ஆண்டும் வராமல் போவதை மறதி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே 'எல்லாவற்றையும் பதிவு செய்வோம்' என்று கேமராவோடு கிளம்பும் இளைஞர் குழுக்களை நான் கொஞ்சம் கலக்கத்தோடுதான் பார்க்கிறேன். பதிவு செய்யலாம். யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம், எந்தப் பகுதியை வெளியிடக்கூடாது என்பதைச் சொன்னவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகு செய்யலாம். நேரமும் வேண்டும். புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வீரம்மா என்ற தலித் பெண்ணின் வாழ்க்கையை ஜோசியான் ராசின் தமிழில் கேட்டுப் பதிவு செய்யப் பல ஆண்டுகள் ஆயின. அது 1995இல் பிரெஞ்சில் நூலானது. உழைப்பு, பிரசவம், பேய், பண்ணையார், கெட்ட வார்த்தை, சிரிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மூன்று நிமிடத்தில் வீரம்மா என்ன சொல்லியிருப்பார்? எல்லாரும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார்.

எந்த இடத்தில் கேட்கிறோம் என்பதும் பேச்சை மாற்றுகிறது. பீடத்துக்கு முன்னால் நிற்பவர் பீடத்துக்கு ஏற்ற பேச்சைப் பேசுவார். அறுப்பின் பண்டிகை அசனத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் அதே அம்மாயி வேறு ஆளாக இருப்பார். யார் வீட்டுப் பூசணி முன்னெல்லாம் ஏலத்துக்கு வரும், எந்தக் கண்மாய் உடைந்த வருஷம் காணிக்கை நெல் வரவில்லை, 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடிப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் அடியோடு சாய்த்த விடிகாலையில் யார் வீட்டில் யார் ஒண்டினார்கள் என்று கத்தி ஓடும் வேகத்தில் வாயும் ஓடும். அன்று அடுத்த மதத்தார் வீட்டில் சோறு தின்றதும் அங்கேதான் சொல்லப்படும். நன்றி ஆராதனையில் அது, "தேவன் எங்களைப் பாதுகாத்தார்" என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும். அந்த வாக்கியத்தில் பொய்யில்லை. கதவைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான் அதில் இல்லை.

கடைசியாக, இந்த மாவட்டத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு கூட்டத்தைச் சொல்ல வேண்டும். லேனா விளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை முகாம்களில் இலங்கைத் தமிழர்கள் பல்லாண்டுகளாக இருக்கிறார்கள். 2021இல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழக அரசு மாற்றியது. இத்தகைய முகாம்களில் வாழ்பவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, மலையகத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. ஒரு காலத்தில் இதே புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரச் சீமைகளிலிருந்துதான் கங்காணிகள் மலையகத்தாரின் பாட்டன்மாரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். முகாமில் உள்ள கோவிலிலும் சாட்சி உண்டு: கடல் கடந்தது, குண்டுக்குத் தப்பியது, மண்டபத்தில் இறங்கியது. அதோடு அங்கேயும் நேரம் முடிந்துவிடுகிறது.

சட்டம் இவர்களிடம் கேட்கும் கேள்வி வேறு. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை பெற ஒரு வழியைத் திறந்தது. ஒப்பந்தத்தின் பலன் கைக்கு வராமலே போர்க்காலத்தில் ஓடிவந்தவர்களும் இருக்கிறார்கள். முகாம்களில் வாழ்ந்த மலையகத் தமிழர்கள் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகப் பார்க்க முடியாது, குடியுரிமைக்கு அவர்கள் விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சொன்னது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022இல் அதே கிளை, 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிமக்கள் என்ற விதியை எடுத்துச் சொன்னது. பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார், எந்தக் கோவிலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், முகாமில் பிறந்த குழந்தைக்கு எந்தச் சாமியார் தண்ணீர் ஊற்றினார் என்பதெல்லாம் இந்த இடத்தில் மனுவுக்குள் போகும் விவரங்கள். பங்குப் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் எந்தப் பங்கு, எந்த ஆண்டு என்று யாராவது சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபத்தைந்து, எண்பது வயதில் முகாம் வரிசைவீடுகளின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துப் பங்கிலிருந்து படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு நோட்டோடு போய், ஊர்ப்பெயர்களில் தொடங்கிக் கேட்டு எழுதினால் போதும். ஜெபத்தை எழுதிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.